முரல்தீவின் பெருமூச்சு

சனாதிபதித் தேர்தல் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில், முரல்தீவுப் பள்ளிக்கூட மண்டபத்தில், மட்டையால் மறைத்த மேசைக்கு முன் குனிந்து நின்று, வாக்குச்சீட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்து முடித்த செபமலர் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு அவளுக்குள் திரும்பிப் போகவுமில்லை, உலகத்திலுள்ள மற்றப் பெருமூச்சுகளைப் போலக் காற்றோடு கலந்து காணாமல் போகவுமில்லை, மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

முரல்தீவில் பெருமூச்சு விடுவதற்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலைப் பார்த்து விடக்கூடாது. விட்டால் காற்று திரும்பிவிடும், தொழிலுக்குப் போன வள்ளம் கரை சேராது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததைத் தீவு இன்றைக்கும் காப்பாற்றி வருகிறது. தீவோ மிகச் சிறியது. கோயில் வாசலில் நின்றாலும் கடல், கிணற்றடியில் நின்றாலும் கடல், அடுப்படி யன்னலைத் திறந்தாலும் கடல், ஆகவே அந்தத் தீவின் பெண்கள் தங்கள் பெருமூச்சுகளை விழுங்கி விழுங்கியே கிழவிகளானார்கள். செபமலரும் அப்படித்தான். மகள் கலியாணம் கட்டி வெளிநாடு போனபோது விழுங்கினாள். புருசன் சந்தியாப்பிள்ளைக்கு இரண்டு கிட்னியும் பழுது என்று அக்கரை ஆசுப்பத்திரியில் சொன்னபோது, சொன்ன டொக்டருக்குப் பின்னால் யன்னல் வழியே கடல் தெரிந்ததால் அதையும் விழுங்கினாள். வாக்குப் போடும் மேசைக்கு மூன்று பக்கமும் மட்டை, கடல் தெரியாது. முந்தின தேர்தல்களிலும் அதே மட்டைதான், ஆனால் அப்போதெல்லாம் அவளிடம் பெருமூச்சுக்குப் பதிலாக நம்பிக்கை இருந்தது.

சீட்டில் பெயர்கள் முழ நீளத்துக்கு இருந்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவர்களை அவர்கள் பெண்சாதிமாரே தேர்ந்தெடுப்பார்களோ தெரியாது. கணக்கில் எடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் குடை சின்னம், ஒருவருக்கு மணிக்கூடு, ஒருவருக்குப் பூட்டு. குடைக்காரர் முன்பு ஒரு தடவை சனாதிபதியாக இருந்தவர், அப்போது வந்து முரல்தீவையும் அக்கரையையும் இணைக்கப் பாலம் கட்டுவேன் என்று இறங்குதுறையில் அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு அமைச்சராக வந்த மணிக்கூட்டுக்காரர், குடைக்காரரின் கல் கோணலாக நிற்கிறது என்று சொல்லிப் பக்கத்தில் இன்னொன்று நாட்டினார். பூட்டுக்காரர் புதியவர், நேர்மையானவர் என்று பேர், வென்ற பிறகு நேரம் கிடைக்காது என்று வாக்குக் கேட்க வரும்போதே அடிக்கல்லையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாலத்துக்கு இரண்டு முனை என்பதால் ஒவ்வொருவரும் அக்கரையிலும் நேரெதிரே, வள்ளத்துறைக்குத் தெற்கே கண்டல் மரங்கள் நிற்கும் பக்கத்தில், ஒவ்வொரு கல் நாட்டினார்கள். இக்கரைக் கல்லுகளில் ஆடுகள் ஏறி நின்றன, ஆடுகள் இல்லாத நேரங்களில் செபமலர் கருவாடு காயப்போட்டாள்.

மற்றவர்களுக்குப் பாலம் என்றால் சந்தைக்குப் போக, பெண் பார்க்க, திருவிழாவுக்குப் போக. செபமலருக்குப் பாலம் என்றால் சந்தியாப்பிள்ளை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவர் அக்கரைக்குப் போய் இரத்தம் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் கிடைத்தால் எஞ்சின் ஓடும், கிடைக்காத நாளில் வள்ளக்காரன் பாவிலு கம்பால் ஊன்றி ஊன்றிப் போகவேண்டும், நடுவிலுள்ள ஆழ ஓடையில் கம்பு நிலத்தைத் தொடாது, நீரோட்டம் வள்ளத்தைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விடும். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆசுப்பத்திரி மெசின் அடுத்த நோயாளிக்கு. அப்படிப் போகாமல் விட்ட வாரங்களில் அவருடைய கால்கள் வீங்குவதையும், பேச்சுக்குப் பேச்சு பகிடி விடும் மனிசன் பேச்சே இல்லாமல் கிடப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

அந்த மூன்று பேரையும் பார்த்துத்தான் அந்தப் பெருமூச்சு. பிறகு பறக்கப் பார்த்த சீட்டை இடது கையால் அமத்திக்கொண்டு ஒரு புள்ளடி போட்டாள். யாருக்குப் போட்டாள் என்று கேட்பது சட்டப்படி தவறு, கதை கேட்பவர்களுக்கும் அது பொருந்தும்.

அவளுக்கு அடுத்து உள்ளே போன றீத்தாக்கா, தீவிலேயே வாய் நீளமானவள், போன வேகத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னடி மலர், உள்ளுக்கை குளிருது?"

"நான்தான் அக்கா. பெருமூச்சு விட்டிட்டன்."

"கடலைப் பாத்தோ?"

"சீட்டைப் பாத்து."

றீத்தாக்காவும் சீட்டைப் பார்த்தாள். அவளுடைய பெருமூச்சும் செபமலருடையதோடு சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், விழுங்கி வைத்திருந்த பெண்களும் விழுங்கத் தெரியாத ஆண்களும், சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் மண்டபத்தில் அடித்த காற்றுக்கு அதிகாரிகள் கடதாசிகளின் மேல் கல் வைத்தார்கள், கல்லுக்கு மேல் கை வைத்தார்கள். "மின்விசிறியை யாராவது நிறுத்துங்கள்" என்று பொறுப்பதிகாரி சத்தம் போட்டார். முரல்தீவில் அன்றைக்கும் மின்சாரம் இல்லை, மின்விசிறி எங்கே இருக்கப்போகிறது.

மாலையில் வாக்குப்பெட்டியை ஏற்றிய வள்ளத்தின் எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. அதே நேரம் மண்டபத்தைப் பூட்டப் போன காவலாளி கடல் பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே அடைந்து கிடந்த பெருமூச்சு முழுவதும் ஒன்றாக வெளியே வந்து, பெட்டிக்கு மேல் போர்த்தியிருந்த படங்குச் சீலையை ஊதிப் பெருக்கி, வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனது. பெட்டிக்குக் காவலாகப் போன பொலிசுக்காரர் பற்றவைத்த சிகரெட் முடியுமுன் அக்கரை வந்துவிட்டது. அந்த மாவட்டத்தில் முதலாவதாக வந்து சேர்ந்த பெட்டி முரல்தீவின் பெட்டிதான்.

இதைப் பற்றி முரல்தீவில் யாரும் அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமிருக்கவில்லை, வள்ளத்துக்குப் பாய் தைக்க வேண்டியிருந்தது. தேர்தல் முடிந்து மரங்களில் தொங்கிய பதாகைகளைக் கழற்றி, குடைக்காரரை நடுவிலும் மற்ற இரண்டு பேரையும் இரு பக்கத்திலும் வைத்துப் பெண்கள் ஒரு பெரிய பாய் தைத்தார்கள். காற்று நிறையும்போது மூன்று பேரின் கன்னங்களும் ஊதிக்கொண்டு வர, பார்த்தவர்களுக்கு அவர்களே வாயால் ஊதி வள்ளத்தைத் தள்ளுகிறார்கள் போலிருந்தது. காலையில் றீத்தாக்கா கதவைத் திறப்பாள், பெருமூச்சு வெளியே போகும், வள்ளம் அக்கரைக்குப் போகும். மாலையில் பெருமூச்சு உள்ளே வரும், வள்ளம் வீட்டுக்கு வரும், ஏனென்றால் வெளியே விட்ட மூச்சை உள்ளே இழுக்கத்தானே வேண்டும். கோயில் சுவாமியார் இது வேதத்தில் விலக்கப்படவில்லை என்றும் பாவித்த பின் கதவைச் சாத்திவிட வேண்டும் என்றும் பிரசங்கத்தில் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூவரச மரத்தடிக்கு மாறினார்கள். மீன் சந்தைக்கு நேரத்துக்குப் போனது, தபால் நேரத்துக்கு வந்தது, திங்களும் வியாழனும் சந்தியாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி, மூன்று வேட்பாளர்களின் நிழலில் உட்கார்ந்து அக்கரைக்குப் போய் வந்தார்.

"நான் இவையளிலை ஒருத்தருக்கும் வாக்குப் போடேல்லை எண்டு தெரிஞ்சும் என்னைக் கொண்டுபோய் விடுகினம் பாரன்" என்றார். செபமலர் முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்தாள்.

தேர்தலில் குடைக்காரர் வென்றார். பாலம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்த மாதங்களில் காற்று மிகவும் நன்றாக இருந்தது.

ஆனால் ஏமாற்றத்துக்கும் ஆயுள் உண்டு. மழைக்காலம் முடியும்போது மனம் ஆறியவர்களும் மறந்தவர்களுமாகத் தீவு பழைய நிலைக்குத் திரும்ப, பாய் தொய்யத் தொடங்கியது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அந்திராசு சும்மா இருக்கிற ஆள் இல்லை. தேர்தல் கூட்டங்களில் போனில் பதிந்து வைத்திருந்த பேச்சுகளை மண்டபத்தில் பற்றரி ஒலிபெருக்கியில் போட்டார். தீவு முழுக்கக் கேட்டது. உலை வைத்துக்கொண்டிருந்தவர்களும் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களும் மண்டபத்துக்கு வந்து, வரிசையில் நின்று, சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். எந்தப் பேச்சுக்கு எவ்வளவு காற்று என்பது எல்லோருக்கும் பழகிப்போனது. ஆட்கள் மட்டும் போகும் நாளென்றால் பூட்டுக்காரர் போதும், அவர் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்ததால் காற்று மெதுவாகத்தான் வரும். "மணிக்கூட்டுக்காரரைப் போடுங்கோ தலைவர், இறால் கனக்கக் கிடக்கு" என்று பாவிலு துறையிலிருந்து கத்துவான். குடைக்காரரின் 'என் அன்பு முரல்தீவு மக்களே' என்ற ஆரம்பத்தைப் போட்டாலே போதும், கோழிகள் பறந்து வேலிக்கு அப்பால் விழும்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தக் கல் வந்தது. சனாதிபதி மறுபடியும் அடிக்கல் நாட்ட வருகிறார் என்று அறிவித்து, இக்கரைக்கு ஒன்றும் அக்கரைக்கு ஒன்றுமாகக் கருங்கல்லை முன்கூட்டியே அனுப்பினார்கள். பிறகு வருகை ரத்து என்று சொன்னார்கள். கல்லை இறக்கிச் சாக்கைப் பிரித்தபோது, அங்கே கருவாடு திருப்பிக்கொண்டிருந்த செபமலர் எட்டிப் பார்த்தாள். எந்தக் கந்தோரில் யார் கல்லை மாற்றி அனுப்பினார்களோ, அதில் அடிக்கல் என்ற சொல்லே இல்லை. 'மக்களின் நெடுநாள் கனவான இப்பாலம் மேன்மைதங்கிய சனாதிபதி அவர்களால் திறந்துவைக்கப்பட்டது' என்று ஆழமாக வெட்டியிருந்தது.

செபமலர் சிரித்தாள். முதலில் மூக்கால் வந்தது, பிறகு வாயால் வந்தது, பிறகு கருவாட்டுத் தட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்து றீத்தாக்கா, றீத்தாக்காவைப் பார்த்துத் துறையே சிரித்தது. கடலில் பாய் பொத்தென்று விழுந்து மூன்று வேட்பாளர்களும் பாவிலுவின் தலையை மூடினார்கள். அவன் கம்பால் ஊன்றிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது இறால் முழுக்க நாறிப்போயிருந்தது.

அன்றைக்கே சங்கம் கூடித் தீர்மானம் எடுத்தது. வள்ளம் கடலில் நிற்கும் நேரம் யாரும் சிரிக்கக்கூடாது. நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கலியாணங்களை அக்கரையில் வைப்பது நல்லது. திங்களும் வியாழனும் விசேட கவனம், ஏனென்றால் அன்றைக்கு வள்ளத்தில் இருப்பது ஓர் உயிர். முரல்தீவுச் சனம் நல்ல சனம், அந்த இரண்டு நாட்களும் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். செபமலருக்கு அவர்களைப் பார்க்க நன்றியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவள் தன் சிரிப்புக்கே பயப்படத் தொடங்கினாள், இரவில் சந்தியாப்பிள்ளை பகிடி விட்டால் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

சந்தியாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. ஒரு விடியற்காலையில், வள்ளம் ஓடாத நாள் பார்த்து, அலவாங்கை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய் அந்தக் கருங்கல்லை நெம்பினார். செபமலர் ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன வேலை இது? பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ!"

"ஆர் தூக்கினது? உருட்டுறன்."

"ஏனெண்டு கேக்கிறன்."

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு, வாசி."

"பாலம் திறந்துவைக்கப்பட்டதெண்டு."

"திறந்திட்டினமெண்டால் நடக்கத்தானே வேணும். நான் நடக்கப்போறன்."

கல்லைத் தண்ணீருக்குள் உருட்டி எழுத்து மேலே பார்க்கும்படி கிடத்தி, அதன் மேல் ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்கரையைப் பார்த்து நின்றார். அவரைப் பிடித்து இறக்கப் போன செபமலரும் அந்தக் கல்லில் ஏறவேண்டி வந்தது. முழங்கால் தண்ணீருக்குள் அவள் உள்ளங்காலில் வெட்டெழுத்து ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. அக்கரை ஓரடி கிட்ட வந்திருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் மணிக்கூட்டுக்காரரின் அடிக்கல்லை றீத்தாக்காவின் மருமக்கள் பெயர்த்து வந்து அதற்கு முன்னால் போட்டார்கள். அதற்கடுத்து பூட்டுக்காரருடையது. கோணலாக நின்ற குடைக்காரரின் பழைய கல் தண்ணீருக்குள் மிக நேராகக் கிடந்தது. அடிக்கல்கள் முடிந்த பிறகு துறைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வராத பழக்கம் தொடங்கியது. மீன் கொண்டுவருகிறவள் மீனோடு ஒரு முருகைக்கல்லும் கொண்டுவந்தாள், பூசைக்கு வந்த சுவாமியார் மேலங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கல் போட்டார், பிள்ளைகள் கூழாங்கல் போட்டார்கள். கல்லணை இடுப்பளவு தண்ணீருக்குள் ஊர்ந்து ஊர்ந்து ஆழ ஓடையின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

காற்று குறைந்தது. சங்கம் மறுபடி கூடியது. அந்திராசு எழுந்து நின்றார், அவருக்கே சொல்ல விருப்பமில்லாத ஒரு விடயத்தைச் சொல்கிற முகம்.

"கல்லுப் போடப் போடக் காத்துப் படுக்குது. நான் கட்டிச் சொல்லேல்லை, பாவிலுவைக் கேளுங்கோ."

"நேற்று பாய் பாதிதான் விரிஞ்சது" என்றான் பாவிலு.

"சனத்துக்கு நம்பிக்கை வந்திட்டுது. அதுதான் இப்ப பிரச்சினை. ஓடை மட்டும் போக இன்னும் கனக்கக் கிடக்கு. அதுக்கிடையிலை காத்து நிண்டால் சந்தியாப்பிள்ளை அண்ணையின்ரை பாடு என்ன? மலர், நீதான் சொல்லவேணும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். செபமலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள். "பாலம் பிறகும் வரலாம். இந்தாள் போனால் வராது."

கல் போடுவது நின்றது, துறையில் முகங்கள் தொங்கின, சில நாட்களில் காற்று முன்னைவிடப் பலமாக வந்தது. மாறிப்போனவர் சந்தியாப்பிள்ளை மட்டும்தான். நேரத்துக்கு இரத்தம் கழுவினார், கால்கள் வீங்கவில்லை, ஆனால் பகிடி நின்றுவிட்டது. ஒரு வியாழக்கிழமை பாய்க்கடியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "மலர், காத்து நல்லாத்தான் அடிக்குது. எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றார்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லையப்பா. நான் இருக்கிறதுக்காக ஊரிலை ஒருத்தரும் நல்லதை நினைக்கக்கூடாதெண்டு வைச்சிருக்கிறாய். நான் செத்தால்தான் சனம் சிரிக்கலாமெண்டால், நான் இருந்தும் என்ன?"

வள்ளம் அக்கரை சேர்ந்தது. அக்கரைத் துறையில் ஒடியல் விற்கும் பறுவதம் வழக்கம்போல அவருக்கு வாங்கில் இடம் விட்டு எழுந்தாள். செபமலரைத் தனியாக ஒரு பக்கம் இழுத்தாள்.

"ஏனப்பா கல்லுப் போடுறதை நிப்பாட்டிப்போட்டியள்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்களும் கண் வைச்சுக்கொண்டுதானே இருக்கிறம். நிப்பாட்டாதேங்கோ" என்றாள் பறுவதம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஒடியல் கட்டத் திரும்பினாள்.

அடுத்த நாள் விடிந்ததும் செபமலர் வீட்டுக்குப் பின்னால் இடிந்து கிடந்த சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. தன் புருசனின் உயிரைத் தானே கொண்டுபோய்த் தண்ணீரில் போடுகிறேனோ என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே நடந்தாள், அணையின் கடைசிக் கல்லில் நின்று அதைப் போட்டாள். திரும்பி வரும்போது றீத்தாக்கா ஒரு கல்லோடு எதிரே வந்தாள்.

"நீ போட்டால் நாங்களும் போடலாம்தானே?"

"போடுங்கோ அக்கா. கெதியாப் போடுங்கோ."

பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா, வெறி என்று சொல்வதா தெரியவில்லை. கடலுக்குப் போகாத ஆண்கள் கல் சுமந்தார்கள், கடலுக்குப் போய் வந்தவர்களும் கல் சுமந்தார்கள், அந்திராசு கூடச் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டைப் பெயர்த்துக் கொடுத்தார். காற்று நாளுக்கு நாள் இளைத்தது. கல்லணை ஓடையின் கரைக்கு வந்து நின்ற வாரம், திங்கட்கிழமை காலையில் றீத்தாக்கா கதவைத் திறந்தபோது, மண்டபத்திலிருந்து ஒரு விசிறி மட்டை அளவு காற்றுத்தான் வந்தது.

அதை நம்பித்தான் பாவிலு வள்ளத்தைத் தள்ளினான். செபமலரும் சந்தியாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். கரையில் அந்திராசு பூட்டுக்காரரைப் போட்டார், பாய் அசையவில்லை. மணிக்கூட்டுக்காரரைப் போட்டார், சனம் தோளில் கல்லோடு நின்று கேட்டது. கடைசியில் குடைக்காரரைப் போட்டார். வள்ளம் அப்போது ஓடைக்குள் இறங்கியிருந்தது. 'என் அன்பு முரல்தீவு மக்களே, உங்கள் பாலம் என் இதயத்தில் ஏற்கனவே கட்டப்பட்டுவிட்டது' என்று ஒலிபெருக்கி சொன்னதும், கரையில் யாரோ ஒருவர் பொறுக்கமுடியாமல் சிரித்துவிட்டார். பிறகு பக்கத்தில் நின்றவர் சிரித்தார். முன்பு கோழியைத் தூக்கி எறிந்த அந்தப் பேச்சு இப்போது முழுத் தீவையும் சிரிக்க வைத்தது. தண்ணீருக்கு மேலாக அந்தச் சிரிப்பு வள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது காற்று முற்றாக நின்றது.

பாய் தொங்கியது. பாவிலு கம்பை இறக்கினான், நிலம் படவில்லை. நீரோட்டம் வள்ளத்தை மெதுவாகத் தெற்கே, வழக்கமாகப் போகும் துறையை விட்டுக் கண்டல் மரங்கள் மறைத்த பக்கமாக இழுக்கத் தொடங்கியது.

"ஒரு பெருமூச்சு விடுங்கோ அக்கா! உங்கடைதானே முதல் மூச்சு" என்று கத்தினான் பாவிலு.

செபமலர் முயன்றாள். வாக்குச்சீட்டை நினைத்தாள், சனாதிபதியை நினைத்தாள், கனவில் கட்டிய பாலங்களை எல்லாம் நினைத்தாள். நெஞ்சுக்குள் தேடித் தேடிப் பார்த்தாலும் பழைய பெருமூச்சு இல்லை, அங்கே கல் சுமக்கும் சனம்தான் நின்றது. அவள் அழுதாள். "என்னாலை ஏலாமல் கிடக்கு" என்றாள். சந்தியாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"காத்து வராட்டில் விடு. கேட்டியே, ஊர் சிரிக்கிறதை?"

அப்போது வள்ளத்தின் முன்முனை அணியம் எதிலோ உரசி நின்றது.

"இஞ்சை கல்லு இல்லையே" என்றான் பாவிலு. கம்பால் குத்திப் பார்த்தான். ணங்கென்றது.

செபமலர் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இறங்கினாள். கழுத்தளவுக்குப் போவேன் என்று நினைத்தவளுக்கு முழங்காலோடு தண்ணீர் நின்றது. காலடியில் கல். வழுக்கலான, தட்டையான, பெரிய கல். நகர்த்திய கால்விரலில் வெட்டெழுத்து ஒன்று தட்டுப்பட்டது, பக்கத்தில் இன்னொன்று. இக்கரையில் அவள் உள்ளங்கால் ஏற்கனவே படித்த எழுத்துகள். திறந்துவைக்கப்பட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். கண்டல் மரங்களுக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்கு முழங்காலளவு கீழே, கல்லணை ஒன்று அக்கரையிலிருந்து நேராக அவள் காலடி வரை வந்திருந்தது. அதன் மேல் பறுவதம் முன்னால் வர, பின்னால் அக்கரைச் சனம் தண்ணீரை உழக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் ஒரு கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"எப்ப தொடங்கினியள்?" என்று கேட்டாள் செபமலர்.

"நீங்கள் தொடங்கினதைப் பாத்துத்தான், இராவிராவாய்ப் போட்டம். இந்தக் கல்லு எங்களிட்டையும் ஒண்டு வந்ததெல்லோ, முதல் அதை அடியிலை போட்டம், பிறகு இஞ்சை முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தம்."

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னவையைத்தானே இவ்வளவு காலமும் பாத்தம்" என்றாள் பறுவதம். "செய்து போட்டுச் சொல்லுவமெண்டு இருந்தம்."

அடிக்கல்காரர்கள் ஒரு வேலையை மட்டும் சரியாகச் செய்திருந்தார்கள், இரண்டு கரையிலும் கல்லை நேரெதிரே நாட்டியிருந்தார்கள். அதனால் முரல்தீவின் அணையும் அக்கரையின் அணையும் ஓடையின் இரண்டு பக்கத்திலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன, இடையில் ஒரு வள்ளத்தின் நீளம்தான் இருந்தது. சந்தியாப்பிள்ளையைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேரத்துக்கு ஆசுப்பத்திரி போய்ச் சேர்ந்தார், மெசின் அவருக்காகக் காலியாக இருந்தது. பாவிலு வள்ளத்தைக் குறுக்கே திருப்பி இரண்டு முனைக்கும் கயிறு கட்டினான். பாயைக் கழற்றி மடித்துப் பலகையின் மேல் விரித்தான். அன்று மாலையில் சந்தியாப்பிள்ளை செபமலரின் தோளைப் பிடித்துக்கொண்டு, குடைக்காரர், மணிக்கூட்டுக்காரர், பூட்டுக்காரர் மூவரின் முகங்களுக்கும் மேலாக நடந்து வீட்டுக்கு வந்தார். "கடைசியிலை பாலம் தந்திட்டினம்" என்றார். செபமலர் நடுக்கடலில் நின்று, தலையணை எதுவும் தேவைப்படாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். அங்கே இப்போது மற்ற மண்டபங்களைப் போலப் புழுக்கமாக இருந்தது.

அடுத்த சனாதிபதித் தேர்தல் வந்தபோது புதிய வேட்பாளர் ஒருவர், வெள்ளை உடுப்பும் பின்னால் ஆட்களுமாக, அக்கரை முனைக்கு வந்து நின்றார். அணை அதற்குள் தண்ணீருக்கு மேலே எழும்பியிருந்தது, ஆனால் அலை அரிக்கும் இடங்களுக்குக் கல் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. பறுவதம் அவரிடம் விசயத்தைச் சொன்னாள், இந்தப் பாதையில் வெறுங்கையோடு யாரும் நடப்பதில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சால்வையை ஆளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினார்.

மறுமுனையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த றீத்தாக்கா கண்ணுக்குக் கைகொடுத்துப் பார்த்தாள். "மலர், ஒருத்தர் வாறார். போடலாமோ இவருக்கு?"

"கல்லை இடையிலை வைக்காமல் கொண்டுவந்து சேர்க்கிறாரோ பாப்பம் அக்கா."

வேட்பாளர் பாதிக்கு மேல் வந்து கல்லை இறக்கக் குனிந்தபோது, பக்கத்தில் கதிரையில் இருந்த சந்தியாப்பிள்ளை வாயில் கையைக் குவித்து, "ஐயா, அதிலை இறக்காதேங்கோ, இன்னும் கொஞ்சம் இஞ்சாலை!" என்று கூப்பிட்டார். வேட்பாளர் தலையாட்டிவிட்டு நடந்தார். செபமலர் கருவாட்டுத் தட்டியைக் கீழே வைத்தாள், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து மெதுவாக வெளியே விட்டாள். ஒரு வள்ளமும் நகரவில்லை. சந்தியாப்பிள்ளையின் நெற்றியில் கிடந்த நரைமயிர் மட்டும் கொஞ்சம் அசைந்தது.